ரெமணியின் தலைவலிக் கோப்பு

ரெமணியின் தலைவலிக்குக் கோப்பு எண் கிடைத்தது போன மார்ச் மாதத்தில். அதற்கு முன் இருபத்திரண்டு வருடம் அது வெறும் தலைவலியாகத்தான் இருந்தது. எண் போட்டவன் நான். மாநில ஓட்டுத் தர வாரியத்தின் திருச்சூர் அலுவலகத்தில் பணியாளர் பிரிவு என் பொறுப்பு. யாருக்கு விடுப்பு, யாருக்கு இடமாற்றம், யாருக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் என்பதெல்லாம் என் மேசை வழியாகத்தான் போகும். முடிவு செய்வது நான் இல்லை, எழுதுவது மட்டும் நான். பெயர் பத்மநாபன். அலுவலகத்தில் எல்லாருக்கும் பப்பேட்டன், ஏட்டன் என்றால் அண்ணன்; சூப்பிரண்டுக்கு மட்டும் பப்பா.

வாரியத்தின் வேலை கூரை ஓடுகளைச் சோதித்து முத்திரை கொடுப்பது. ஒல்லூர்ப் பக்கம் பார்க்கிற இடத்திலெல்லாம் ஓட்டுச் சூளை புகைந்துகொண்டிருந்த காலத்தில் ஏற்படுத்தியது. இப்போது புகைவது மூன்று. வாரியத்தில் நாற்பத்தாறு பேர் இருக்கிறோம்.

ரெமணி சான்றிதழ்ப் பிரிவில் குமாஸ்தா. வயது நாற்பத்தொன்று. கணவர் திவாகரன் ஆட்டோ ஓட்டுகிறவர். மாதத்தில் நான்கு தடவையாவது அவளுக்கு ஒற்றைத் தலைவலி வரும். வருவதற்கு அரைமணி நேரம் முன்னால் இடது கண்ணோரத்தில் உடைந்த கண்ணாடித் துண்டு மாதிரி ஒன்று மினுங்கத் தொடங்கும். கொஞ்ச நேரத்தில் பார்க்கிற எழுத்தில் பாதி காணாமல் போகும். பிறகு ஒரு பக்க மண்டைக்குள் ஆணி இறங்கும், வாந்தி வரும், வெளிச்சமும் சத்தமும் ஆகாது. இது தவிரக் கழுத்திலும் தோளிலும் ஒரு வலி. அது வந்து போகிற வகை இல்லை, இருக்கிற வகை. “தலை அப்பப்ப வந்து போகும் பப்பேட்டா, கழுத்துக்கு மட்டும் லீவே கிடையாது” என்பாள்.

பழைய அலுவலகம் ஒரு வாடகை வீடு. ஓட்டுக் கூரை, சின்னச் சின்ன சன்னல். பின்கட்டில் ஆவண அறை, அதற்குள் மாதிரி ஓடுகள் அடுக்கிய ஒரு நீள பெஞ்சு. கண்ணோரம் மினுங்க ஆரம்பித்ததும் ரெமணி என்னிடம் “கண்ணு போகுது பப்பேட்டா” என்று சொல்லிவிட்டு மாத்திரையை விழுங்கிக்கொண்டு அந்த அறைக்குப் போவாள். ஓடுகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, நெற்றியில் ஈரத்துணியோடு ஒரு மணி நேரம் படுத்திருப்பாள். எழுந்து வரும்போது முகம் சாம்பல் பூத்திருக்கும். வந்து உட்கார்ந்து மீதி வேலையைப் பார்ப்பாள். நல்ல நாட்களில் மூன்று நாள் வேலையை ஒரே நாளில் முடித்து வைத்துவிடுவாள். அவள் மேசையில் ஒரு காகிதம் தேங்கி நான் பார்த்ததில்லை. யாருடைய அனுமதியும் இல்லாமல் இவ்வளவும் ஒழுங்காக நடந்து வந்தது. அதுதான் அதிலிருந்த குறை.

பிறகு வாரியத்துக்குச் சொந்தக் கட்டடம் வந்தது. நான்கு மாடி, நாலா பக்கமும் கண்ணாடி, மேலே காங்கிரீட். ஒரு ஓடுகூடக் கிடையாது. எங்கள் கூடத்தில் மட்டும் இருபத்துநான்கு விளக்குகள், பகலிலும் எரியும். வாசலில் விரல் வைத்தால் வருகை பதிவாகும், ஆவண அறை உட்பட எல்லா இடத்திலும் கேமரா. குடிவந்த முதல் மாதத்தில் ரெமணிக்கு ஒன்பது தடவை தலைவலி வந்தது. அவள் ஒரு பக்கத்தில் விண்ணப்பம் எழுதிக் கொண்டுவந்தாள். கேட்டது இரண்டு விஷயம். அவள் தலைக்கு நேர் மேலே இருக்கிற விளக்கை அணைக்க வேண்டும். வலி வருகிற நாளில் ஆவண அறையில் ஒரு மணி நேரம் படுக்க அனுமதி வேண்டும், அந்த நேரத்தை மாலையில் ஈடுகட்டிவிடுவாள்.

எங்கள் சூப்பிரண்டு இட்டூப் சார் கெட்டவர் இல்லை. யாருடைய விண்ணப்பத்தையும் மறுத்ததில்லை. மேலே அனுப்புவார், அல்லது கூடுதல் விவரம் கேட்பார். ரெமணியைக் கூப்பிட்டு எதிரே உட்கார வைத்தார்.

“விளக்க அணைக்கறது ஒரு விஷயமா ரெமணி? ஆனா எதுக்கு அணைச்சேன்னு நாளைக்கு ஒருத்தன் கேட்டா, காட்டறதுக்கு எங்கிட்ட ஒரு காகிதம் வேணுமே.”

“டாக்டர் சீட்டு வச்சிருக்கேனே சாரே.”

அவர் சீட்டை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். “‘நோயாளி தலைவலி இருப்பதாகத் தெரிவிக்கிறார்.’ இது நீங்க சொல்லி அவர் எழுதினது. எங்ககிட்டயும் அதையேதான் சொல்றீங்க. ஒரே ஆள் ரெண்டு எடத்துல சொன்னா சாட்சி ஆயிடுமா?”

தவிர, இருபத்துநான்கு விளக்குக்கும் ஒரே சுவிட்ச். ஒன்றைப் பிரிக்க மின்பிரிவு வரவேண்டும், மின்பிரிவு வரக் காரணம் வேண்டும், காரணத்துக்குச் சான்று வேண்டும். அந்தச் சான்றை அரசு ஊழியர் உடல்தகுதிக் குழுதான் தர முடியும். இப்படி எழுதி நான் கோப்பை அனுப்பினேன்.

குழு கூடுவது கிழக்குக் கோட்டைப் பக்கம் ஒரு பழைய கட்டடத்தில், மாதத்தின் இரண்டாவது வியாழக்கிழமை, பத்து முதல் ஒரு மணி வரை. வாரியத்தின் சார்பில் கோப்போடு நானும் போகவேண்டும். தலைவர் டாக்டர் கைமள், தோல் மருத்துவர். கூட ஒரு பல் மருத்துவரும் ஒரு எலும்பு மருத்துவரும். நரம்பு மருத்துவரின் இடம் ஆறு வருடமாகக் காலி. கைமள் ரெமணியின் முழங்காலைச் சின்னச் சுத்தியலால் தட்டினார், நாக்கை நீட்டச் சொன்னார்.

“இப்ப வலிக்குதா?”

“கழுத்து வலிக்குது சார். தல இன்னிக்கு இல்ல.”

“விண்ணப்பத்துல தலைன்னுதானே இருக்கு? கழுத்துக்குத் தனியா போடணும். தலைய, வலிக்கறப்ப கொண்டு வாங்க.”

“அது நாள் பாத்து வர்றதில்லியே சார்.”

“நாங்க நாள் பாத்துத்தானேம்மா உட்காரறோம்.” அவர் கோபமாகச் சொல்லவில்லை. ஒரு சின்னப் பிள்ளைக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிற மாதிரிதான் சொன்னார்.

ஏப்ரலில் ரெமணிக்குத் திங்கட்கிழமை வந்தது, சனிக்கிழமை வந்தது, அடுத்த புதன்கிழமை சாயங்காலம் வந்தது. வியாழன் காலையில் விட்டுவிட்டது. அன்று அவள் முகம் கழுவி விட்டது போலத் தெளிவாக இருந்தது. முந்தின நாள் வலியின் மிச்சமாகக் கைகால் துவண்டிருந்தது, அதைச் சொல்லியும் பார்த்தாள். இரண்டாவது முறையும் நலமாகக் காணப்பட்டார் என்று எழுதினார்கள். மே மாதம் குழுவுக்கு விடுமுறை.

ஜூன் மாதம் இரண்டாவது திங்கட்கிழமை கேன்டீனில் கட்டன் சாயா குடித்துக்கொண்டிருந்தபோது அவள் சொன்னாள், “இந்தத் தடவ நானே வரவழச்சிடறேன் பப்பேட்டா.”

இருபத்திரண்டு வருடமாக எதையெல்லாம் செய்யாமல் தள்ளிவைத்தாளோ அதையெல்லாம் செய்தாள். புதன் மதியத்திலிருந்து சாப்பிடவில்லை. தூங்கவில்லை. காலையில் ஊதுபத்தி ஏற்றிய அறையில் உட்கார்ந்திருந்தாள். பிறகு, மழை இன்னும் தொடங்காத அந்த ஜூன் வெயிலில் குடை இல்லாமல் நின்றாள். மாத்திரையை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தாள். ஆட்டோவில் கூட்டிவந்த திவாகரன் வாசலில் என்னைப் பார்த்துச் சொன்னார், “ஊர்ல இருக்கறவன்லாம் நோயத் தொலைக்க டாக்டர்கிட்ட போறான். நான் நோயக் கூட்டிட்டு வந்திருக்கேன், சவாரிக்கு.” சிரிக்கிறாரோ என்று பார்த்தேன். இல்லை.

பத்தரைக்கு அவளுக்குக் கண் போயிற்று. பதினொன்றுக்கு ஆணி இறங்கியது. கூப்பிட்டது பன்னிரண்டு பத்துக்கு. அதுவரை அவள் நடைபாதையில் முழங்காலுக்குள் தலையைப் புதைத்து உட்கார்ந்திருந்தாள். திவாகரன் தன் தோள்துண்டைச் சன்னலில் கட்டி வெயிலை மறைத்தார். இரண்டு தடவை வாந்தி எடுத்தாள், மூன்றாவது தடவை எடுப்பதற்கு உள்ளே ஒன்றும் இல்லை. நானும் திவாகரனும் ஆளுக்கொரு கையைப் பிடித்து உள்ளே கொண்டுபோனோம்.

கைமள் நிமிர்ந்து உட்காரச் சொன்னார். பெயர் கேட்டார், சொன்னாள். வயது கேட்டார், வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. வலி எந்த இடத்தில், குத்துகிற வலியா, இழுக்கிற வலியா, பத்துக்கு எவ்வளவு என்று கேட்டார். பிறகு டார்ச்சை எடுத்துக் கண்ணுக்கு நேரே அடித்தார். ரெமணி அவர் கையைத் தட்டிவிட்டு மேசைமேல் கவிழ்ந்துகொண்டாள்.

நான் கையெழுத்துப் போட்டு வாங்கிய தாளில் இப்படி இருந்தது: விண்ணப்பதாரர் கேள்விகளுக்கு உரிய பதில் தரவில்லை. கண்ணைத் திறந்து காட்ட மறுத்தார். பரிசோதனைக்கு ஒத்துழைக்காததால் வலி இருப்பதை உறுதி செய்ய இயலவில்லை. தொண்ணூறு நாட்கள் அலுவலகத்திலேயே கவனித்து அறிக்கை அனுப்பவும்.

தாளை மடித்துக் கொடுக்கும்போது கைமள் என்னிடம் மனம்விட்டுப் பேசினார். “வலின்னா எங்க, எப்படின்னு தெளிவா சொல்லணும் இல்லியா? வாய் திறந்து சொல்ல முடியாத அளவு வலின்னா அது எங்க வரம்புக்குள்ள வராது. சொல்லப்போனா எனக்கும்தான் முதுகு. இந்த நாற்காலிய மாத்தச் சொல்லி எழுதிப்போட்டு மூணு வருஷம் ஆகுது.”

அடுத்த மூன்று நாள் ரெமணி வேலைக்கு வரவில்லை. வரவழைத்த வலி சொன்னபடி போகவில்லை என்று திவாகரன் போனில் சொன்னார்.

கவனிப்பதற்காக ஒரு பதிவேடு திறந்தோம். கட்டம் போட்டது நான். தேதி, வலி தொடங்கிய நேரம், முடிந்த நேரம், பத்துக்கு எவ்வளவு, கடைசிக் கட்டத்தில் ‘வலியை நேரில் கண்ட அதிகாரியின் கையொப்பம்’. முதல் தடவை வந்தபோது ரெமணி சுவரைப் பிடித்துக்கொண்டு பதிவேட்டோடு இட்டூப் சாரின் மேசைக்குப் போனாள். அவர் எழுந்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அவள் முகத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு ‘பார்வையிடப்பட்டது, ஒன்றும் தென்படவில்லை’ என்று எழுதினார்.

“நிக்க முடியாம நிக்கறேன் சாரே.”

“நீங்க நிக்கறது தெரியுது ரெமணி. நிக்கறாங்கன்னு எழுதச் சொன்னா இப்பவே எழுதறேன். வலின்ற கட்டத்துல நான் பாக்காத ஒண்ண எப்படி எழுதறது? நானும் பென்ஷன் வாங்கிட்டுப் போகணும் இல்லியா?”

நாற்பதாவது நாள் உள்தணிக்கையிலிருந்து ஒரு கேள்வி வந்தது. ஐந்தாம் தேதி வலி பத்துக்கு எட்டு என்று எழுதிய ஊழியர் ஒன்பதாம் தேதி ஏழு என்று எழுதியிருக்கிறார். இடையில் விளக்கின் அளவு குறைக்கப்படவில்லை. அப்படியானால் வலிக்கு விளக்கு காரணமில்லை என்று கொள்ளலாமா? இதற்கு ரெமணி மூன்று பக்கம் பதில் எழுதினாள். நான் அதைச் சுருக்கி ‘கொள்ளலாம், கொள்ளாமலும் இருக்கலாம்’ என்று மேலே அனுப்பினேன். அந்த வாரம் அவள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தாள். அலுவலக மரியாதைக்குப் பொருந்தாது என்று வந்த கடிதத்தையும் நானே அவளுக்குக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படித்தாள்.

தொண்ணூறு நாள் அறிக்கையும் சேர்ந்து இப்படி ஏறிக்கொண்டே போன கோப்பு கடைசியில் வாரியத் தலைவர் கொச்சுண்ணியின் கைக்குப் போயிற்று. ஒரு காலத்தில் சூளைத் தொழிலாளியாக இருந்து, சங்கத்தில் உயர்ந்து, நாற்காலிக்கு வந்தவர். தன்னுடைய வாரியத்தில் வலி என்ற ஒன்று இருப்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. மிகவும் வருத்தப்பட்டாராம். ‘வலியற்ற அலுவலகம்’ என்று ஒரு திட்டத்தை அறிவித்தார். அக்டோபரில் தொடக்க விழா. ரெமணிக்குப் பொன்னாடை.

அழைப்பிதழோடு செலவுப் பட்டியல் வந்தபோது அதில் பதினாறு செண்டை, எட்டு இலத்தாளம், நான்கு கொம்பு இருந்தது. கௌரவிக்கப்படுகிறவருக்குத் தலைவலி இருப்பதால் மேளத்தைத் தவிர்ப்பது பற்றி யோசிக்கலாம் என்று ஓரத்தில் பென்சிலால் ஒரு குறிப்பு எழுதினேன். ரெமணிக்காக நான் எழுதிய ஒரே குறிப்பு அது. இட்டூப் சார் அதை ரப்பரால் அழித்துவிட்டுச் சொன்னார், “திருச்சூர்ல மேளம் இல்லாம ஒரு விழாவா? கேக்கறவன் சிரிப்பான் பப்பா.”

விழா முற்றத்தில், மதியம் பன்னிரண்டு மணி வெயிலில். ரெமணி மேடையில் முதல் வரிசை. எதிரே தொலைக்காட்சிக்காரர்களின் விளக்கு இரண்டு. மேளம் முக்கால் மணி நேரம் ஏறி ஏறி உச்சத்துக்குப் போய் நின்றது. தலைவர் எழுந்தார்.

“நானும் சூளையில ஓடு சுமந்தவன்தான். எனக்கு இடுப்புல வலி. ஒருத்தர்கிட்ட சொன்னதில்ல. கட்டின பொண்டாட்டிகிட்ட சொன்னதில்ல. அதனாலதான் இன்னிக்கு இந்த நாற்காலியில உட்கார்ந்திருக்கேன். வலின்னு சொல்றவன் உட்காரமாட்டான், படுத்துக்குவான். இந்த வாரியத்துல இனிமே ஒருத்தர்கூட வலியோட வேலை பாக்கக்கூடாது. முப்பது நாள்ல நம்ம அலுவலகத்துல வலி இருக்கக்கூடாது. இருந்தா அதுக்கு யார் பொறுப்புன்னு நான் கேப்பேன்.”

கைதட்டினார்கள். பொன்னாடையை ரெமணியின் தோளில் போர்த்தினார். அவள் அதை அப்படியே இழுத்துத் தலையோடு முகத்தையும் மூடிக்கொண்டாள். இரண்டு கையாலும் காதை அடைத்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்துவிட்டாள். நன்றியுரை முடிகிற வரைக்கும் அந்தத் துணியை அவள் எடுக்கவில்லை. இன்னொரு முறை பலமாகக் கைதட்டினார்கள். மறுநாள் பத்திரிகையில் அந்தப் படம் வந்தது. கீழே ‘அன்பில் நெகிழ்ந்த ஊழியர்’ என்று போட்டிருந்தார்கள்.

முப்பது நாளில் வலியை ஒழிக்கும் வேலை பணியாளர் பிரிவுக்கு, அதாவது எனக்கு வந்தது. நாற்பத்தாறு பேருக்கும் ஒரு படிவம் கொடுத்தேன். உங்களுக்கு உடலில் வலி உண்டா? உண்டு, இல்லை, இரண்டில் ஒன்றைக் குறிக்கவும். உண்டு என்றால் குழுவின் சான்றை இணைக்கவும். வேலைக்குத் தகுதியானவர் என்று குழு சொல்லும்வரை சம்பளமில்லாமல் வீட்டில் இருக்கவும்.

டிரைவர் ஔசேப்பு இடுப்பில் பட்டைத் துணி இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் வண்டியில் ஏறுவார். இல்லை என்று எழுதினார். ஒரு மாடி இறங்குவதற்கு இட்டூப் சார் லிஃப்டுக்குக் காத்திருப்பார், மூட்டு மடங்காது. அவரும் இல்லை என்று எழுதினார். பதினோரு வருடமாக எனக்கு வயிற்றில் எரிச்சல், சாப்பிட்டாலும் எரியும், சாப்பிடாவிட்டாலும் எரியும். நானும் இல்லைதான்.

கடைசி நாள் மூன்றரை மணிக்கு இட்டூப் சார் என் மேசைக்கு வந்தார். நாற்பத்தைந்து வந்துவிட்டது, ரெமணியுடையது ஒன்றுதான் பாக்கி, அஞ்சு மணிக்குள் தலைவருக்குப் போயாகவேண்டும் என்றார். நீங்கள் சொன்னால் கேட்பாள் என்றும் சொன்னார்.

நான் எழுந்து ரெமணியின் மேசைக்குப் போனேன். படிவம் அவள் முன்னால் இருந்தது. பேனா மூடி திறக்கவில்லை.

“இருக்குன்னு எழுதினா?” என்று கேட்டாள்.

“வீட்ல உட்காரணும். குழு தகுதி குடுக்கற வரைக்கும்.”

“குழுதான் எனக்கு வலியே இல்லன்னு எழுதியிருக்கே?”

“ஆமா. அதனால சீக்கிரமே தகுதி குடுத்துடும். அப்புறம் இல்லாத வலிய இருக்குன்னு எழுதிக் குடுத்தீங்கன்னு நடவடிக்கை வரும்.”

அவள் படிவத்திலிருந்து நிமிர்ந்தாள். “நீங்க என்ன எழுதினீங்க?”

“இல்லன்னு.”

“வயிறு?”

“அது விண்ணப்பமே போடல ரெமணி.”

அவள் உதட்டோரம் லேசாக இழுத்தது. சிரிப்பு என்றுதான் நினைத்தேன். பேனாவைத் திறந்தாள். தாளின் மேல் கையைக் கொண்டுபோனவள் நிறுத்திவிட்டாள். இடது கண் இமை பாதி இறங்கியிருந்தது.

“இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கு பப்பேட்டா,” என்றாள் மெதுவாக. “கட்டம் எங்க இருக்குன்னு தெரியல. பாதித் தாள் இல்ல.”

படுத்துக்கொள் என்று சொல்லியிருக்கலாம். திவாகரனைக் கூப்பிட்டிருக்கலாம். மணி நாலாகப் போகிறது என்பதுதான் எனக்குத் தோன்றியது. அவள் விரலைப் பிடித்து ‘இல்லை’ என்ற கட்டத்தில் வைத்தேன். குறி போட்டாள். பிறகு கையை நகர்த்திக் கையெழுத்துக் கோட்டின் தொடக்கத்தில் வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு போட்டாள்.

“நேரா இருக்கா?”

“நேரா இருக்கு.”

தாளை எடுத்துக்கொண்டு வந்து, வலி இல்லாதவர்கள் நாற்பத்தாறு என்று கூட்டு எழுதி, இட்டூப் சாரின் மேசையில் வைத்தேன். அவர் என் முதுகில் தட்டினார். திரும்பிப் பார்த்தபோது, நான் முன்பு நின்ற இடத்தைப் பார்த்து ரெமணி இன்னும் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள்.